நாற்சார் வீட்டுக்குள் மெஷ் வைஃபை: பெட்டியை எங்கே வைப்பது?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் வீட்டில் ரவுட்டர் முன்விறாந்தையின் வலது மூலையில், ஃபைபர் வயர் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு ஆணிகளில் தொங்குகிறது. பெரியம்மாவோ பகலின் பெரும்பகுதியைப் பின்பக்கத்துக் குசினியிலும் அதையொட்டிய சிறிய அறையிலும் கழிப்பவர். ரொறன்ரோவில் இருக்கும் மகள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அழைக்கும் நேரம், இங்கே காலைச் சமையல் நேரமாக இருக்கும். "தம்பி, படம் நிண்டிட்டுது, சத்தம் மட்டும் வருது" என்று அவர் சொல்லாத கிழமை இல்லை. நான் கடையில், ரவுட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற பெட்டியொன்றை வாங்கிக் கொண்டுபோய்க் குசினிச் சுவரிலிருந்த பிளக்கில் செருகினேன். கைபேசியில் வைஃபைக் கோடுகள் அத்தனையும் நிறைந்தன. அடுத்த நாள் காலையும் படம் நின்றது.

கோடுகள் நிறைந்திருந்தும் படம் ஏன் நின்றது என்பதை விளங்கிக்கொண்டால், மெஷ் என்று இன்று கடைகளில் விற்கப்படும் முறையின் பாதி விளங்கிவிடும். கைபேசியில் தெரியும் கோடுகள், கைபேசிக்கும் அதற்கு மிக அருகிலிருக்கும் வைஃபைப் பெட்டிக்கும் இடையிலான அலையின் பலத்தை மட்டுமே காட்டுகின்றன. அந்தப் பெட்டிக்கும் முன்விறாந்தையிலிருந்த ரவுட்டருக்கும் இடையிலான வழி எப்படி இருக்கிறது என்பது அக்கோடுகளில் தெரியாது. ரிப்பீட்டர் குசினியில் கைபேசியோடு உரக்கப் பேசியது உண்மைதான். ஆனால் ரவுட்டர் சொன்னது அதன் காதிலேயே சரியாக விழவில்லை.

பெட்டிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். "வைஃபை இல்லை" என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு குறைகளை ஒரே சொல்லால் குறிக்கிறோம். இணையச் சேவை நிறுவனம் ஃபைபர் வயர் வழியாகவோ 4ஜி கோபுரம் வழியாகவோ வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருவது இணையம். அங்கிருந்து அறைகளுக்கு அதைக் காற்றில் எடுத்துச் செல்வது வைஃபை. எது குறைபடுகிறது என்பதை அறிய ரவுட்டரிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்று கைபேசியில் வேகத்தை அளந்து பாருங்கள். பின்னர் தொல்லை தரும் அறையில் நின்று அளந்து பாருங்கள். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வேகம் குறைவாக இருந்தால் நீங்கள் எடுத்திருக்கும் இணைப்பையோ கட்டணப் பொதியையோதான் கவனிக்க வேண்டும். எத்தனை மெஷ் பெட்டி வாங்கினாலும் பயனில்லை. கிணற்றில் ஊறாத தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. ரவுட்டருக்குப் பக்கத்தில் நன்றாகவும் அறையில் மோசமாகவும் இருந்தால் மட்டுமே இக்கட்டுரை உங்களுக்கு உதவும்.

வைஃபை என்பது வானொலி அலை. வீடுகளில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைப் பட்டைகள் பாவிக்கப்படுகின்றன: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். முதலாவதன் அலை நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், இரண்டாவதன் அலை நீளம் ஆறு சென்ரிமீற்றருக்குக் குறைவு. 2.4 தூரமும் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் கொண்டு செல்லக்கூடிய தரவு குறைவு, அயல் வீட்டு ரவுட்டர்களின் நெரிசலும் அதில் அதிகம். 5 கூடிய வேகம் தரும். ஆனால் தடித்த சுவரொன்றைக் கண்டவுடன் களைத்துவிடும். புதிய கருவிகள் சிலவற்றில் 6 கிகாஹேர்ட்ஸ் பட்டையும் உண்டு. சுவர் விடயத்தில் அது 5 இலும் சற்று மோசம் என்பதால் எங்கள் வீடுகளுக்கு அதை நம்பிப் பணம் செலவழிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

எங்கள் வீடுகள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கருவிகளின் பெட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும் "இத்தனை ஆயிரம் சதுர அடிக்குப் போதும்" என்ற கணக்கு, மரச்சட்டத்தில் மெல்லிய பலகை அடித்து அறை பிரிக்கும் நாடுகளின் வீடுகளுக்கே பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம். பழைய வீடுகளின் சுவர்கள் அந்தக் கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு முழங்கை நீளத் தடிப்பில் எழுப்பப்பட்டவை. பின்னாளில் கட்டப்பட்ட வீடுகளில் சீமெந்துக் கல்லும், மாடி வீடுகளில் கம்பி வைத்து ஊற்றிய கொங்கிறீற்றுத் தட்டும் வந்து சேர்ந்தன. அலையின் பலத்தை டெசிபல் என்னும் அளவில் சொல்வார்கள்: 3 டெசிபல் குறைந்தால் பலம் பாதியாகிவிட்டது என்று பொருள், 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்று மட்டுமே மீதி. ஒரு சுவர் 10 டெசிபலை விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அத்தகைய இரண்டு சுவர்களைக் கடந்தபின் நூறில் ஒரு பங்கும், மூன்றைக் கடந்தபின் ஆயிரத்தில் ஒரு பங்கும் எஞ்சும். முன்விறாந்தையிலிருந்து குசினிக்கு நேர்கோடு போட்டு இடையில் எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள். பெரியம்மா வீட்டில் நான்கு.

சுவர்களோடு முடிந்துவிடவில்லை. இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, தகரக் கூரை, தண்ணீர்த் தாங்கி ஆகிய அனைத்தும் அலையைத் தடுக்கும் அல்லது வேறு பக்கம் திருப்பும். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கிறது. தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. மழை பெய்தால் வைஃபை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். வளவுக்குள் உள்ள தூரத்துக்கு இந்த அலைவரிசைகளில் மழைத்துளி செய்யும் இடைஞ்சல் கணக்கில் எடுக்கத் தேவையற்ற அளவு. ஆனால் நனைந்த மாமரத்தின் இலைக்கூட்டம் அப்படியல்ல, நடுவில் நின்றால் அது உண்மையிலேயே தடுக்கும்.

"அப்படியானால் பலம் கூடிய ஒரே ரவுட்டரை வாங்கிவிட்டால் என்ன? நான்கு கொம்பு, எட்டுக் கொம்பு வைத்த ரவுட்டர்கள் இருக்கின்றனவே" என்பது அடுத்துவரும் கேள்வி. கோயில் திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கியின் சத்தம் உங்கள் வீட்டு முற்றம் வரை தெளிவாகக் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் முற்றத்தில் நின்று ஒரு வார்த்தை பேசினால் அது கோயிலுக்குக் கேட்குமா? இணையம் ஒருவழிப் பேச்சு அன்று. ஒவ்வொரு தரவுத் துண்டும் வந்து சேர்ந்தது என்று கைபேசி திருப்பிச் சொல்ல வேண்டும், வீடியோ அழைப்பில் உங்கள் முகமும் குரலும் போக வேண்டும். கைபேசியோ சிறிய பற்றரியில் இயங்குவது. அதன் குரல் ரவுட்டரின் குரலை விட எப்போதும் தாழ்ந்தது. ஆகவே ஒரு பக்கத்தின் குரலை மட்டும் உயர்த்துவதில் அதிக பயனில்லை. பேசுபவரைக் கேட்பவருக்கு அருகில் கொண்டுவருவதே வழி, அதாவது வைஃபைப் பெட்டியை ஆட்கள் புழங்கும் இடத்துக்கு அருகில் வைப்பது. மெஷ்ஷின் அடிப்படை எண்ணம் இவ்வளவுதான்.

மெஷ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வலைக்கண்ணி என்று பொருள். ஒரு மெஷ் தொகுதியில் ஒரே மாதிரியான இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் இருக்கும். அவற்றை இனிக் கணுக்கள் என்று அழைப்போம். முதன்மைக் கணு, சேவை நிறுவனம் தந்த ரவுட்டருடன் ஒரு குட்டையான லேன் வயரால் இணைக்கப்படும். மற்றவை வீட்டின் வேறு இடங்களில் மின்சாரத்தில் செருகப்பட்டு, முதன்மைக் கணுவுடன் காற்று வழியாகவோ வயர் வழியாகவோ தொடர்பு வைத்துக்கொள்ளும். வீடு முழுவதும் ஒரே வலையமைப்புப் பெயர், ஒரே கடவுச்சொல். எந்தக் கணு எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எந்த வழியாகத் தரவை அனுப்ப வேண்டும் என்பதை அவை தமக்குள் கலந்து முடிவெடுக்கும். ஒரு வழி அடைபட்டால் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கும். இந்த எண்ணம் புதிதல்ல. 1970களில் அமெரிக்க இராணுவ ஆய்வுகளில் நகரும் வாகனங்களுக்கிடையில் வானொலி வழித் தரவைக் கைமாற்றிப் பார்த்தார்கள். வைஃபைக்கென்று ஒரு மெஷ் நியமம் 2011 இல் வெளிவந்தது. வீட்டுப் பாவனைக்கான தொகுதிகள் 2016 ஆம் ஆண்டளவில் பரவலாக விற்பனைக்கு வந்தன. உண்மையில் நம் வீடுகளில் இரண்டு மூன்று கணுக்களே இருப்பதால் அவை வலைபோல் பின்னிக்கொள்வதில்லை. நடுவில் ஒன்றும் அதிலிருந்து கிளைகளும் என்று மரம்போலத்தான் நிற்கின்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ரிப்பீட்டருக்கும் மெஷ்ஷுக்கும் என்ன வேறுபாடு என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் இரண்டும் ஒரே தட்டில் இருக்கும். கிணற்றடியிலிருந்து பாத்திக்கு வாளியைக் கைமாற்றிக் கொடுக்கும்போது நடுவில் நிற்பவர் ஒரு கணம் கிணற்றுப் பக்கம் திரும்பி வாளியை வாங்க வேண்டும், அடுத்த கணம் பாத்திப் பக்கம் திரும்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டரின் நிலை இதுதான். வாங்கிய வேகத்தில் ஏறத்தாழப் பாதியையே அதனால் கொடுக்க முடியும். மெஷ் கணுவும் வயர் இல்லாமல் இயங்கும்போது இதே விதிக்குக் கட்டுப்பட்டதே. விற்பனையாளர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை. வேறுபாடு என்னவென்றால், மெஷ் கணுக்கள் ஒன்றையொன்று அறிந்தவை. ஒரு பட்டையில் வாங்கி மற்றதில் கொடுக்கக் கூடியவை. கருவிகளை ஒரு கணுவிலிருந்து மற்றதுக்கு ஒப்படைப்பதில் ஒத்துழைப்பவை.

அந்த ஒப்படைப்பைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. விறாந்தையிலிருந்து குசினிக்கு நடந்து போகும்போது எந்தக் கணுவில் தொற்றிக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பது கணு அல்ல, கைபேசி. சில கைபேசிகள் பழைய கணுவின் அலை நூலிழையாகத் தேயும் வரை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் புதுக் கணு பலமாக ஒலித்துக்கொண்டிருந்தாலும் கூட. வைஃபை நியமங்களில் கே, வி, ஆர் என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் மூன்று துணை ஏற்பாடுகள் இதற்கென்றே வந்தவை: ஒன்று அயலில் வேறெந்தக் கணுக்கள் உள்ளன என்ற பட்டியலைக் கைபேசிக்குக் கொடுக்கும், ஒன்று "அங்கே மாறிக்கொள்வது நல்லது" என்று ஆலோசனை சொல்லும், ஒன்று மாறும்போது கடவுச்சொல் சரிபார்ப்பை விரைவாக முடித்து, பேச்சு அறாமல் காக்கும். ஆலோசனையைக் கேட்பதும் கேளாததும் கைபேசியின் விருப்பம். பழைய கைபேசி ஒன்று ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் அதன் வைஃபையை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டுவிடுங்கள். மெஷ் பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான இடத்துக்கு வருவோம். கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலான வழியைப் பேக்ஹோல் என்பார்கள். பெட்டிகளின் மேலும் செயலிகளிலும் இந்தச் சொல்லைத்தான் காண்பீர்கள். மெஷ்ஷின் நன்மையும் தீமையும் இந்த வழியிலேயே தங்கியிருக்கின்றன. இரண்டு பட்டை மட்டுமுள்ள தொகுதிகளில் கைபேசிகளுக்குச் சேவை செய்யும் அதே 5 கிகாஹேர்ட்ஸ் வானொலிதான் (அலையை அனுப்பி வாங்கும் பகுதி) பேக்ஹோலாகவும் உழைக்கும். மூன்று வானொலி உள்ள விலை கூடிய தொகுதிகளில் ஒன்றைப் பேக்ஹோலுக்கென்றே ஒதுக்கிவைப்பார்கள். மூன்றாவது வழி, கணுக்களை லேன் வயரால் இணைத்துவிடுவது; அப்போது காற்று முழுவதும் கைபேசிகளுக்கே கிடைக்கும், பாதியாகும் பேச்சே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பொதி விநாடிக்கு 100 மெகாபிட் என்று கொள்வோம். இரண்டு கணுக்கள் ஒன்றையொன்று நன்றாகப் பார்க்கும் இடத்தில் இருந்து அவற்றிடையே 300 மெகாபிட் ஓடுமானால், அது பாதியாகி 150 ஆனாலும் உங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. பொதியின் அளவே 100 தானே. அதே கணுவை நான்கு சுவருக்கு அப்பால் குசினியில் கொண்டுபோய் வைத்து, இடையே 12 மெகாபிட் மட்டும் ஓடுமானால், அது பாதியாகி 6 ஆகும், அதிலும் அலை தளம்பும்போது 2 ஆகும், படம் நிற்கும். பாதியாவது தன்னளவில் பெரிய குற்றம் அன்று, எதில் பாதி என்பதே கேள்வி. நான் குசினியில் செருகிய ரிப்பீட்டரின் பிழையும் இதுதான். வைஃபை வராத இடத்தில் கணுவை வைக்கக் கூடாது. வைஃபை இன்னும் நன்றாக வந்துகொண்டிருக்கும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. அன்ட்ரொய்ட் கைபேசிகளில் வைஃபை அலையின் பலத்தை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் பல உள்ளன. அந்த எண் டிபிஎம் என்ற அலகில், எதிர்க்குறியோடு வரும். பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. மறை 50 மிக நன்று. வீடியோ அழைப்புக்கு மறை 67 வரை தாராளமாகப் போதும். மறை 75 இல் தடுமாற்றம் தொடங்கும். மறை 80 ஐத் தாண்டினால் பெயர் தெரியும், வேலை நடக்காது. கைபேசியை மார்புயரத்தில் பிடித்தபடி மெதுவாக நடந்து, அறைக்கு அறை நின்று, ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கீறி எண்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் உடலும் தண்ணீர் நிறைந்ததே ஆகையால், ரவுட்டருக்கு முதுகு காட்டி நின்றால் எண் சற்றுக் குறையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா வீட்டில் நான் அவ்வாறு நடந்தபோது கிடைத்தவை: விறாந்தையில் மறை 41, அதையடுத்த கூடத்தில் மறை 58, சாமியறையில் மறை 72, குசினியில் மறை 84. ஆனால் தாளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. அது நாற்சார் வீடு. நடுவில் திறந்த முற்றம், நாற்புறமும் தாழ்வாரம். கூடத்திலிருந்து முற்றத்துக்குத் திறக்கும் கதவுக்கு நேரே, முற்றத்தின் மறுகரையில், குசினியை ஒட்டிய தாழ்வாரத் தூணருகே நின்றபோது எண் மறை 66 என்று காட்டியது. சாமியறையை விடத் தூரத்தில், ஆனால் சாமியறையை விட நல்ல அலை. காரணம் எளிது: அந்த வழியில் அலை கடந்தது ஒரேயொரு சுவரை, மற்றதெல்லாம் கதவும் வெளியுமாக இருந்தது. வெயிலும் காற்றும் வரவேண்டுமென்று அந்தக் காலத்தில் விட்ட முற்றம், அலைக்கும் வாசலாகிவிட்டது. முதன்மைக் கணுவை விறாந்தை மூலையிலிருந்து பதினைந்து அடி லேன் வயர் இழுத்துக் கூடத்தில், முற்றத்துக் கதவுக்கு நேராக ஒரு தட்டில் வைத்தேன். இரண்டாம் கணுவை மறுகரைத் தாழ்வாரத்தில், தூவானம் படாத உயரத்தில், தூணுக்குப் பின்னால் மறையாதபடி வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று முற்றத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குசினியில் இப்போது மறை 55. மூன்று கணு உள்ள பெட்டியை வாங்கியிருந்தால் மூன்றாவது இன்றும் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

இதிலிருந்து எந்த வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய முறை ஒன்று உண்டு. தூரத்தை அளப்பதை விட்டுவிட்டுச் சுவர்களை எண்ணுங்கள். கதவு நிலைகள் ஒரே கோட்டில் வரும் வழிகளைத் தேடுங்கள். பழைய வீடுகளில் தலைவாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருப்பது வழக்கம். அந்தக் கோட்டின் மேல் கணுக்களை வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கணு திறந்த இடத்தில், நெஞ்சுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். அழகில்லை என்று அதை அலுமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்துவைப்பது, விளக்கை ஏற்றிக் குடத்துக்குள் வைப்பதற்குச் சமம். குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைப்பவர்களும் உண்டு. அந்த உலோகப் பெட்டி கீழ்நோக்கிய அலை முழுவதையும் மறித்துவிடும்.

கொங்கிறீற்றுத் தட்டுப் போட்ட மாடி வீடுகளின் கதை வேறு. தட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி பின்னியிருப்பதால் அலை மேலே ஏறுவது கடினம். ஆனால் மாடிப்படி ஏறும் இடத்தில் தட்டு இல்லை. படியின் அடியில் ஒன்றும் படி முடியும் இடத்தில் ஒன்றுமாக வைத்தால் அலை படியேறிப் போகும். வீடு இன்னும் கட்டுமான நிலையில் இருக்கிறதென்றால், சுவர் பூசுவதற்கு முன்பே வயர்மனிடம் சொல்லி, ஒவ்வொரு மாடியின் நடுவிலும் ஒரு கேட் 6 லேன் வயர் வந்து முடியும்படி குழாய் புதைத்துக்கொள்ளுங்கள். மின்வயர் போகும் குழாயிலேயே அதையும் திணிக்க வேண்டாம். தனிக் குழாய் வேண்டும். லேன் வயர் 100 மீற்றர் வரை போகலாம் என்பதால் எந்த வீட்டுக்கும் நீளம் ஒரு பிரச்சினையாகாது. மிக விலையுயர்ந்த மெஷ் தொகுதியை வயரில்லாமல் ஓட்டுவதை விட, நடுத்தர விலையில் இரண்டு கணுவை வாங்கி வயரால் இணைப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

வயர் இழுக்கத் துணிந்தவர்களுக்கு இன்னொரு மலிவான வழியும் திறக்கிறது. வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால், அதன் அமைப்புப் பக்கத்தில், கைபேசி போன்ற கருவிகளுக்கு வலையமைப்பு முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, முதல் ரவுட்டரோடு மோதாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, அதே வலையமைப்புப் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, லேன் துளையில் வயரைச் செருகிவிட்டால் அதுவே இரண்டாவது வைஃபைப் பெட்டியாகிவிடும். ஒப்படைப்பு மெஷ்ஷில் போலச் சீராக இருக்காது. ஆனால் ஓரிடத்தில் அமர்ந்து ஸூமில் க.பொ.த. உயர்தர வகுப்புக் கேட்கும் பிள்ளைக்கு அது போதும்.

ஒரே வளவில் இரண்டு வீடு இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். மகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு பின்வளவில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே இணைப்பைப் பகிர நினைத்து வேலியோரமாகச் செப்பு லேன் வயரை இழுத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமின்னலில் அந்த வயர் இரு முனைகளிலும் உள்ள கருவிகளைச் சேர்த்துக் கருக்கிவிடக்கூடும். மின்னல் நேரே விழ வேண்டியதில்லை, பக்கத்துப் பனையில் விழுந்தாலே போதும். இரண்டு கட்டடங்களுக்கிடையில் ஃபைபர் வயரையே போடுங்கள். இரு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டி அதைச் சாதாரண லேனாக மாற்றித் தரும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வாங்கும்போது உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபைபர் இன்னும் வராத ஒழுங்கைகளில் 4ஜி ரவுட்டரே வீட்டு இணையம். அதற்குப் பிடித்த இடம் கோபுரத்தைப் பார்க்கும் யன்னலோரம். வைஃபைக்குப் பிடித்த இடமோ வீட்டின் நடு. இரண்டையும் ஒரு பெட்டியால் நிறைவேற்ற முடியாமல் பலர் அதை நாளுக்கு ஓரிடமாகத் தூக்கித் திரிகிறார்கள். மெஷ் இங்கே மிக நன்றாகப் பொருந்துகிறது: 4ஜி ரவுட்டரை யன்னலிலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து லேன் வயரால் முதன்மைக் கணுவை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. வைஃபை 6 என்ற தலைமுறையைச் சேர்ந்த (6 கிகாஹேர்ட்ஸ் பட்டை வேறு, இது வேறு) இரட்டைப் பட்டைத் தொகுதி இன்றைய வீட்டுப் பொதிகளுக்குப் போதும். ஒவ்வொரு கணுவிலும் குறைந்தது இரண்டு லேன் துளையாவது இருக்க வேண்டும், அவை கிகாபிட் வேகத்தவையாக இருக்க வேண்டும். மலிவான சில கணுக்களின் துளைகள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும், பொதியை உயர்த்தும் நாளில் அது தெரியவரும். ஒரு நிறுவனத்தின் கணு மற்ற நிறுவனத்தின் கணுவோடு பெரும்பாலும் சேராது. 2018 இல் ஈஸிமெஷ் என்ற பொது ஏற்பாடு வந்தபோதும் நடைமுறையில் ஒரே தயாரிப்பை வாங்குவதே நிம்மதி. இரண்டு கணுவோடு தொடங்கி, தேவைப்பட்டால் மூன்றாவதைப் பிறகு சேருங்கள். மூன்றறை கொண்ட சிறிய வீடென்றால் ஒன்றும் வாங்காமல் ரவுட்டரை மூலையிலிருந்து நடுவுக்கு மாற்றிப் பாருங்கள்.

நிறுவுவது கைபேசிச் செயலியில் அரைமணி நேர வேலை. புதுத் தொகுதிக்குப் பழைய வலையமைப்புப் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் இட்டால், வீட்டிலுள்ள கைபேசிகளும் தொலைக்காட்சியும் கண்காணிப்புக் கமராக்களும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாகத் தேடித்திரிய வேண்டியதில்லை. பழைய ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையேல் இரண்டும் ஒரே பெயரில் கூவிக் குழப்பும். முதன்மைக் கணுவை அக்சஸ் பொயின்ற் நிலையில் வைப்பது நல்லது. அப்போது முகவரி வழங்கும் வேலையைச் சேவை நிறுவனத்தின் ரவுட்டர் மட்டும் செய்யும். இரண்டும் செய்தால் வீடு இரண்டு வலையமைப்பாகப் பிளந்து, மடிக்கணினி அச்சுப்பொறியைக் காணவில்லை என்று சொல்லத் தொடங்கும். கமராக்களில் பல 2.4 பட்டையில் மட்டுமே பேசக்கூடியவை என்பதால், ஏதாவதொன்று சேர மறுத்தால் செயலியில் அதற்கென 2.4 மட்டும் கொண்ட ஒரு துணைப் பெயரை உருவாக்கிக் கொடுங்கள்.

கடைசியாக மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தில், ரவுட்டரை ஓட்டும் சிறிய பற்றரிப் பெட்டிகள் எங்கள் வீடுகளுக்குள் வந்தன. மெஷ் வந்தபின் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்: சேவை நிறுவனத்தின் ஃபைபர் ரவுட்டர், முதன்மைக் கணு, பின்பக்கக் கணு என்று மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும், ஒன்று அணைந்தாலும் குசினிக்கு இணையம் இல்லை. பற்றரிப் பெட்டி வாங்குமுன் ஒவ்வொரு கருவியின் அடாப்டரிலும் அச்சிடப்பட்டிருக்கும் வோல்ற் அளவைப் பாருங்கள். 9 கேட்கும் கருவிக்கு 12 ஐக் கொடுத்தால் அது திரும்பி வராது.

பெரியம்மா வீட்டில் எல்லாம் ஒழுங்காகி இரண்டு கிழமைக்குப் பிறகு, படம் மீண்டும் நிற்கிறது என்று அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்திலிருந்த கணுவின் பிளக் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் கிரைண்டர் செருகப்பட்டிருந்தது. தேங்காய்ச் சட்னி அரைத்து முடிந்தபின் திரும்பச் செருக மறந்துபோயிற்று. கிரைண்டருக்கு வேறு பிளக் போட்டுக் கொடுத்துவிட்டு, கணுவின் பிளக்குக்கு மேல் வெள்ளை ரேப்பை ஒட்டி, "இது ரொறன்ரோ" என்று பேனையால் எழுதிவிட்டு வந்தேன்.